எல்லோருக்கும் இருபது

திட்டிக்கொண்டே வந்த அக்கா பாதியில் நிறுத்தினாள். அப்போதுதான் வாட்சம்மா பயந்தாள்.

அந்த வாயை அவள் நாற்பத்தாறு வருடமாகக் கேட்டு வருகிறாள். ஒரு மூச்சு இழுத்தால் போதும், தங்கையின் சமையலில் ஆரம்பித்து, தங்கையின் புருஷன், அவன் வாங்கிய பழைய ஸ்கூட்டர், அதற்கு அடித்த பெயிண்டின் நிறம் வரை போய்விட்டு, கமா கூட இல்லாமல் திரும்பி வருவாள் அக்கா. நேற்று மாலை கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அரை நிமிடத்துக்குக் குறையாமல் பேசினாள். இன்று காலை தலையணையைச் சரிசெய்யப் போனதற்கு, "உன்னை யாருடி... இதத் தொட..." என்றாள். மூன்று மூச்சு வாங்கினாள். மீதியைச் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாட்சம்மா கைப்பையிலிருந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்தாள்.

அது அவள் பிழைப்பு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, காலர் வைக்க எத்தனை விநாடி, கை பொருத்த எத்தனை விநாடி என்று அளந்து எழுதுவாள். அவள் எழுதுகிற எண்ணை வைத்துத்தான் மணிக்கு இத்தனை சட்டை என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். எழுநூறு பேர் வேலை செய்கிற அந்த இடத்தில் அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஒருத்தியும் கிடையாது. வாட்சம்மா என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான், அவள் வருகிற சத்தம் கேட்டால் ஒருவருக்கொருவர் "டிக் டிக்" என்று முனகிக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பார்க்காத எண்ணை ஒரு நாளும் எழுதியதில்லை என்பது மட்டும் அவளுக்குப் பெரிய கர்வம். அந்தக் கர்வத்தோடு இருபது வருடமாகத் தனியாகச் சாப்பிடுகிறாள்.

அக்காவின் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினாள். முப்பத்து நான்கு. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். முப்பத்து நான்குதான். தன்னுடையதை எண்ணினாள். பயத்தில் இருந்தும் பதினெட்டுதான்.

கட்டில் காலில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள். அக்காவின் எட்டாம் கட்டில். காலை ஏழு மணி, மூச்சு: இருபது. நேற்று இரவு, இருபது. நேற்று மதியம், இருபது. வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, வாயில் நுரை தள்ளாத குறையாக வந்து சேர்ந்த முதல் நாளிலும் அக்கா ராணுவ அணிவகுப்பு போல நிமிடத்துக்கு இருபது மூச்சுதான் விட்டிருக்கிறாள்.

வார்டில் ஆறு கட்டில்கள். வாட்சம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொழிற்சாலையில் நடப்பது போலவே, அட்டைகளைப் பார்த்தபடி ஒரு சுற்று நடந்தாள். ஏழாம் கட்டில் கிழவியின் அட்டையில் இருபது. பத்து, இருபது. பதினொன்று, தூங்கும்போதும் இருபது, குளியலறைக்குப் போய் வந்து இருமிக்கொண்டிருந்தபோதும் இருபது. ஆறு பெண்களும் ஒரே மெஷினில் தைத்த மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு முனகல் கிடையாது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எட்டுக்கும் ஒன்பதுக்கும் பொதுவான ஒரே ஸ்டூலை மூன்று நாளாகத் தன் சொத்து போல வைத்திருந்தவர்.

"என்ன பாக்கறீங்க?" என்றார் லிஃப்ட்காரர், ஸ்டூலை விட்டு எழாமல்.

"அட்டைய."

"உங்க அட்டை அந்தப் பக்கம்."

"ஸ்டூலு மட்டும் உங்க பக்கமா?"

"கால் வலிச்சா தரையில உக்காருங்கம்மா. தரை எல்லாருக்கும் பொது."

வாட்சம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் மனைவியின் தோள் அசைவதை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழே கால் மணிக்கு முப்பத்தாறு. கையடக்க நோட்டில் எட்டாம் கட்டிலின் எண்ணுக்குக் கீழே அதையும் எழுதினாள். அந்த மனிதரிடம் சொல்லத் தோன்றவில்லை. தரையில் உட்காரச் சொன்னவரிடம் என்ன சொல்வது?

வார்டுக்கு வெளியே, நடைகூடத்தின் ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். 'முன்னறி: மரண அபாயக் கணிப்புத் திட்டம்'. அதில் தலைமை மருத்துவரின் படம் மூன்று இடங்களில் இருந்தது. ஒன்றில் சிந்தித்தார், ஒன்றில் சிரித்தார், ஒன்றில் தூரத்தில் எதையோ சுட்டிக்காட்டினார். பேனருக்குக் கீழே பெரிய திரை. கட்டில் எண்களுக்கு நேராகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. வயது, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, மூச்சு என்று பதினான்கு விவரங்களைக் கொடுத்தால், காய்ச்சலோடு வந்தவர் பிழைப்பாரா மாட்டாரா என்பதை நூற்றுக்கு இத்தனை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். சிவப்பு வந்தவர்களுக்கே மாடியில் இருக்கிற ஐ.சி.யு. தலைமை மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஸ்கோர் டாக்டர் என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே, இயக்குநர் அவர்கள்.

எட்டாம் கட்டில் பச்சை. ஒன்பதும் பச்சை.

தலைமை நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சிஸ்டர், எட்டாம் கட்டிலுக்கு மூச்சு இருபதுன்னு போட்டிருக்கு. முப்பத்தி நாலு."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. எண்ணத் தெரிஞ்சவ."

நர்ஸ் வண்டியை நிறுத்தினாள். "இங்க பாருங்க. மூணு வார்டு, முப்பத்தெட்டு கட்டில், நான் ஒருத்தி, கூட ஒரு பொண்ணு. ஆளுக்கு ஒரு நிமிஷம் நின்னு எண்ணினா ஊசிய யார் போடறது, உங்க ஸ்டாப்வாட்ச்சா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு வேளைக்கு முப்பத்தெட்டு நிமிடம், நாளைக்கு நாலு வேளை. தொழிற்சாலையாக இருந்தால் இந்த வேலைக்கு இன்னும் ஒரு ஆள் தேவை என்று வாட்சம்மாவே எழுதிக் கொடுத்திருப்பாள். அதை ஒப்புக்கொள்கிற மனநிலையில் அவள் இல்லை.

"அப்போ காலியா விடுங்க. பாக்கலன்னு எழுதுங்க."

"காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. எங்க சீனியர் இருபது போட்டாங்க. அவங்க சீனியரும் இருபதுதான். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வந்து கேட்டதில்ல."

"செத்தவங்க எப்படி வந்து கேப்பாங்க?"

நர்ஸின் முகம் சிவந்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு மேஜைக்குப் போனாள். எட்டாம் கட்டிலின் பக்கத்தைத் திறந்து, இருபதை அழித்து, முப்பத்து நான்கு என்று விரல் வலிக்கத் தட்டினாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

பச்சை.

"பாத்தீங்களா?" என்றாள் நர்ஸ். ஆனால் அவள் குரலில் ஜெயித்த தெம்பு இல்லை. தானும் ஒருமுறை திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நான் என்ன செய்யட்டும்? சிவப்பு வந்தாத்தான் மாடி. அதுலயும் இன்னைக்கு ஒரே ஒரு கட்டில்தான் காலி. பதினோரு மணிக்கு பெரியவர் ரவுண்ட்ஸ் வர்றார். வெளியூர்லேருந்து யாரையோ கூட்டிட்டு வர்றார். அவர்கிட்ட கேளுங்க."

ஒரே ஒரு கட்டில். அந்த வார்த்தை காதில் விழுந்ததும், நோட்டிலிருந்த இரண்டாவது எண்ணைச் சொல்லும் எண்ணம் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதுவும் போயிற்று. வாட்சம்மா நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு மறுபடி எண்ணினாள். எட்டு, முப்பத்து நான்கு. ஒன்பது, முப்பத்தெட்டு. இரண்டையும் எழுதினாள். எழுதாமல் இருக்க அவளுக்குத் தெரியாது, சொல்லாமல் இருக்கத் தெரிந்தது.

பதினோரு மணிக்கு ஸ்கோர் டாக்டர் வந்தார். வந்தார் என்று சொன்னால் போதாது. முதலில் அவருடைய வாசனை வந்தது, பிறகு கேமராவோடு ஒருவன், பிறகு கோப்புகளைச் சுமந்த நான்கு இளம் டாக்டர்கள், கடைசியில்தான் அவர். பக்கத்தில் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு டாக்டரம்மா. வெளியூர் நுரையீரல் மருத்துவர். வாட்சம்மா கவனித்தாள், அந்த அம்மாள் திரையைப் பார்க்கவில்லை, கட்டில்களைப் பார்த்தாள்.

"நாலாயிரத்து இருநூறு நோயாளிகள்," என்றார் ஸ்கோர் டாக்டர், பேனரில் இருந்த அதே மூன்றாவது படத்தின் கையோடு. "மனிதக் கண் ஏமாறும் மேடம். பாசம் ஏமாறும். எண் ஏமாறாது. இந்த ஆய்வில் வியப்பூட்டும் முடிவு ஒன்று கிடைத்தது. நூறு வருடமாக மருத்துவப் புத்தகங்கள் மூச்சை எண்ணு, மூச்சை எண்ணு என்று நம்மை ஏமாற்றி வந்திருக்கின்றன. மூச்சு எண்ணிக்கைக்கும் மரணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்ஜியம்."

"பூஜ்ஜியமா?" என்றாள் டாக்டரம்மா.

"சுத்தமான பூஜ்ஜியம்."

முப்பத்து நான்கு போட்டும் பச்சை ஏன் மாறவில்லை என்பது வாட்சம்மாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிழைச்சவங்களுக்கும் இருபது, செத்தவங்களுக்கும் இருபதுன்னா பூஜ்ஜியம்தான் வரும்," என்றாள் வாட்சம்மா.

ஸ்கோர் டாக்டர் திரும்பினார். சுவர் பேசியது போலப் பார்த்தார். "யார் இது?"

"எட்டாம் கட்டிலோட தங்கச்சி சார்," என்றது ஒரு கோப்பு.

"அம்மா, இது பெரிய புள்ளியியல். உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புள்ளியும் தெரியாது இயலும் தெரியாது சார். இந்த வார்டுல ஆறு அட்டை தொங்குது. ஆறுலயும் எல்லா வேளையும் இருபது. எண்ணாம எழுதினது. மூச்சு நின்னவங்க அட்டை எங்கயாவது வெச்சிருந்தா எடுத்துப் பாருங்க, அதுலயும் கடைசி வரைக்கும் இருபதுதான் இருக்கும்."

"இந்தப் பெண்ணை வெளியே..."

"ஒரு நிமிஷம்," என்றாள் டாக்டரம்மா. அவள் கேட்டது உண்மையாகவே ஒரு நிமிடம். ஏழாம் கட்டிலின் அட்டையை எடுத்தாள், வைத்தாள். பத்தாம் கட்டிலின் அட்டை. பதினொன்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாலாயிரத்து இருநூறு பேருக்குமா?" என்று கேட்டாள். கேமராக்காரன் நல்ல காட்சி என்று நினைத்து ஸ்கோர் டாக்டரின் முகத்துக்குப் பக்கத்தில் போனான்.

"அது... தரவு உள்ளீட்டு நிலையில் சிறு சமச்சீர்மை..." என்றார் அவர்.

டாக்டரம்மா வாட்சம்மாவிடம் வந்தாள். "நீங்க எண்ணினீங்களா?"

"ம்."

"எப்படி?"

"முழு நிமிஷம். ரெண்டு தடவை."

"மாடியில ஒரு கட்டில் இருக்கு. இந்த ஆறு பேர்ல யாருக்கு அதிகம்?"

இதற்காகத்தான் காலையிலிருந்து சண்டை. ஒரு வார்த்தை போதும். எட்டு என்று சொன்னால் அக்காவின் கட்டில் நகரும். முப்பத்து நான்கு யாருக்கும் பொய்யாகத் தெரியாது. ஒன்பதாம் கட்டில்காரி சுவரைப் பார்த்தபடி, யாரையும் தொந்தரவு செய்யாமல், முனகாமல் கிடக்கிறாள். அவள் புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் திறந்து தங்கையையே பார்க்கிறாள்.

வாட்சம்மா வாயைத் திறந்தாள். எட்டு என்று சொல்லத்தான் திறந்தாள்.

"ஒன்பது," என்றாள். "கடைசியா எண்ணினப்போ முப்பத்தெட்டு. இப்ப இன்னும் கூட இருக்கும்."

நல்ல மனசு என்று இதை எழுதினால் அவளே சண்டைக்கு வருவாள். இருபது வருடப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது, அவ்வளவுதான். சொன்ன மறுநொடியே அதைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ள முடியாதா என்று தவித்தாள்.

டாக்டரம்மா ஒன்பதாம் கட்டில்காரியின் தோளில் கை வைத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். "நாப்பது. தூக்குங்க."

கட்டில் உருண்டது. லிஃப்ட்காரர் செருப்பைக் கூட மாட்டாமல் பின்னால் ஓடினார். திரையில் ஒன்பதாம் எண் பச்சையாகவே, எந்தக் குறையும் இல்லாமல், மின்னிக்கொண்டிருந்தது.

ஸ்டூல் காலியாக இருந்தது. வாட்சம்மா அதில் உட்காரவில்லை.

"அடியே," என்றாள் அக்கா. மூச்சு. "நீ எனக்குத்..." மூச்சு, மூச்சு. "தங்கச்சியா... அவளுக்கா?"

"பேசாத. பேசப் பேச ஏறுது."

"ஏறட்டும். உனக்கு... எண்ண... ஒரு வேலை."

டாக்டரம்மா போவதற்கு முன் அக்காவைக் குப்புறப் படுக்க வைத்து, ஆக்சிஜனைக் கூட்டி, கால் மணிக்கு ஒருமுறை எண்ணி எழுதச் சொன்னாள். நர்ஸ் வாட்சம்மாவைப் பார்த்தாள். பேனாவை நீட்டினாள். மன்னிப்பு கேட்கும் வழக்கம் இருவருக்கும் கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு முப்பத்தைந்து. இரண்டு மணிக்கு முப்பத்தேழு. நான்கு மணிக்கு முப்பத்தொன்பது. அவசரத்தில் வாட்சம்மா எழுதிய ஒன்பது எட்டு போலத் தெரிந்தது. அடித்துவிட்டுத் திருத்தமாக எழுதினாள். நான்கரை மணிக்கு மாடியில் ஒரு பெரியவர் தேறி, தன் காலால் நடந்து கீழ் வார்டுக்கு வந்தார். ஐந்து மணிக்கு அக்கா மாடிக்குப் போனாள், பச்சை நிறத்தோடு.

அக்கா பிழைத்தாள். பதினோரு நாள் ஆயிற்று. ஒன்பதாம் கட்டில்காரி மூன்றாம் நாள் போய்விட்டாள். நுரையீரல் அதற்குள் ரொம்பவே கெட்டுப்போயிருந்தது என்றார்கள்.

அந்தப் பதினோரு நாளில் ஆஸ்பத்திரியும் சும்மா இருக்கவில்லை. பழைய பேனர் இறங்கிப் புதியது ஏறியது. 'முன்னறி, இரண்டாம் பதிப்பு. வியப்பூட்டும் முடிவு: மூச்சு எண்ணிக்கையே மரணத்தின் முதல் அறிகுறி.' படங்கள் அதே மூன்று. மூச்சைக் கண்டிப்பாக எண்ண வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது, இன்னொரு நர்ஸ் வரவில்லை. இப்போது அட்டைகளில் இருபது கிடையாது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று மாறி மாறி வந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், சக்கர நாற்காலியில் அக்காவை வைத்துக்கொண்டு, சீட்டுக்கு முத்திரை வாங்கப் பதிவேட்டு அறையின் ஜன்னலில் நின்றாள் வாட்சம்மா. அவளுக்கு முன்னால் லிஃப்ட்காரர். கையில் மனைவியின் அட்டையின் நகல். அவளைப் பார்த்ததும் தலையை அசைத்தார்.

"நீங்கதான் அன்னைக்குச் சொன்னீங்க. இல்லன்னா மாடிக்கே போயிருக்க மாட்டா. ஸ்டூலு விஷயத்துல நான் நடந்துகிட்டதும் சரியில்ல."

"அது கிடக்கட்டும்."

"ஒண்ணு கேக்கணும். திடீர்னு மோசமாயிட்டான்னு எழுதியிருக்காங்க. காலையில ஏழு மணிக்கு இருபது, பதினோரு மணிக்கு நாப்பது. நாங்க லிஃப்ட்டுல கயிறு திடீர்னு அறுந்துச்சுன்னு எழுதினா வேலையிலேருந்து தூக்கிருவாங்க. எந்தக் கயிறும் திடீர்னு அறுந்து போகாதும்மா. முதல்ல ஒரு இழை, அப்புறம் ஒரு இழை. நடுவுல நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

அவர் கொடுத்த நன்றியை வாங்கிக்கொண்டு, இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். கேட்க ஆளில்லை. நோட்டு அவள் இடுப்பில் இருந்தது.

"ஏழே காலுக்கு முப்பத்தாறு," என்றாள் நோட்டைப் பிரித்து. "ஒன்பதரைக்கு முப்பத்தெட்டு."

அவர் கையிலிருந்த நகலை மறுபடி பார்த்தார்.

"உங்களுக்கு ஏழே காலுக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அங்கதான உக்காந்திருந்தேன். உங்களுக்கு ரெண்டடி தள்ளி."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"மாடியில ஒரே கட்டில்தான் இருந்துச்சு."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வழக்கத்துக்கு மாறாக வாயை மூடிக்கொண்டு மடியிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் கையை நீட்டினார். "கிழிச்சுக் குடுங்க."

கிழித்தாள். அந்தப் பக்கத்தில் எட்டாம் கட்டிலின் எண்களும் இருந்தன.

"நேரத்துக்குப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். அவர் அதை வாங்கி, ஜன்னலுக்குள் நீட்டினார். "இதையும் அவ கோப்புல சேருங்க."

உள்ளே இருந்த குமாஸ்தா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது நோட்டுத் தாள் சார். கம்ப்யூட்டர்ல அன்னைக்குக் காலையில இருபதுன்னு ஏற்கனவே இருக்கே. ஒரு நேரத்துக்கு ஒரு எண்தான் ஏத்துக்கும்."

"அழிச்சிட்டுப் போடுங்க."

"இறந்தவங்க கோப்பு பூட்டியிருக்கும். அதைத் திறக்க இயக்குநர் கையெழுத்து வேணும்."

"வாங்கிட்டு வாங்க. நான் நிக்கறேன்."

குமாஸ்தா எழுந்து போனார். போனவர் வரவில்லை. வரிசையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் உச்சுக் கொட்டினார், இன்னொருவர் எவ்வளவு நேரம் என்று சத்தமாகவே கேட்டார். லிஃப்ட்காரர் திரும்பவே இல்லை.

"ஏண்டி," என்றாள் அக்கா தாழ்ந்த குரலில், "நம்ம சீட்டுல ஒரு முத்திரைதான வேணும். அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லேன்."

"நீயே சொல்லு," என்றாள் வாட்சம்மா.

அக்கா சொல்லவில்லை. வாட்சம்மா சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.